லீவர் இல்லாத கிளட்சும் எட்டில் ஒரு சுற்றும்

"என்னுடைய பழைய ஹோண்டா கப் பைக்கில் கிளட்ச் லீவரே கிடையாது. ஆனால் கியர் மாற்றும்போதெல்லாம் 'டொக்'கென்று சத்தம் வருகிறது. கிளட்சை அட்ஜஸ்ட் பண்ணச் சொல்கிறார்கள். இல்லாத ஒன்றை எப்படி அட்ஜஸ்ட் பண்ணுவது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்விதான். லீவர்தான் இல்லை, எஞ்சினின் சுழற்சியைக் கியரோடு சேர்க்கவும் பிரிக்கவும் செய்கிற கிளட்ச் இருக்கிறது. அதுவும் ஒருவருக்கு இரண்டு எஜமானர்கள் என்கிற கணக்கில். ஒன்று எஞ்சினின் வேகம், இன்னொன்று உங்கள் இடது கால். ஸ்க்ரூடிரைவரை வைத்து நாம் தொடப்போவது இரண்டாவதை மட்டும்.

லீவரை ஏன் எடுத்தார்கள்? ஜப்பானில் 1958 ஆகஸ்டில் சூப்பர் கப் சி100 வெளிவந்தபோது, சோபா நூடுல்ஸ் தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்டிப்போகிற டெலிவரி பையனால்கூட ஓட்ட முடிய வேண்டும் என்பது நிறுவனர் சோய்சிரோ ஹோண்டாவின் எதிர்பார்ப்பு. வலது கைக்கு ஆக்ஸிலரேட்டர் இருக்கிறது. ஆகவே இடது கைக்கு விடுதலை கொடுத்தாக வேண்டும். 49 சிசி, நான்கு ஸ்ட்ரோக், மூன்று கியர், கிளட்ச் லீவர் கிடையாது. இந்த வரிசை வண்டிகளின் மொத்த உற்பத்தி 2017-இல் 10 கோடியைத் தொட்டது.

எஞ்சின் வேகத்தின் பங்கு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றினால் அது வெளியே இழுக்கிறது. (மையவிலக்கு விசை உண்மையா போலியா என்ற பழைய சண்டைக்குள் நான் போகவில்லை.) பழைய கப்பில், எஞ்சின் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க் தண்டின் முனையிலேயே கிளட்ச் இருக்கிறது. அதற்குள் இருக்கும் சிறு எடைகள், சுற்றும்போது வெளியே சரிந்து தட்டுகளை ஒன்றோடொன்று அழுத்துகின்றன. இந்த விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. நிமிடத்துக்கு 1500 சுற்றில் இருக்கும் விசை 3000 சுற்றில் நான்கு மடங்கு, 4500-இல் ஒன்பது மடங்கு. அதனால்தான் ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் திருகாமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, சாதுவாக நிற்கும் வண்டி, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் திருகியதுமே கிளட்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. சரி, இது போதும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கியர் மாற்றுவதுதான் சிக்கல். அப்போது எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, தட்டுகள் அழுத்திக்கிடக்கின்றன, எடைகள் விடமாட்டேன் என்கின்றன. அந்த அழுத்தத்தை மீறி யாராவது தட்டுகளைப் பிரிக்க வேண்டும். அதற்குத்தான் கால். கியர் பெடல் ஒரே மிதியில் இரண்டு வேலை செய்கிறது. மிதியின் முதல் பாதியில் கிளட்ச் பிரிகிறது, இரண்டாம் பாதியில் கியர் மாறுகிறது. காலை எடுத்ததும் கிளட்ச் மறுபடியும் சேர்கிறது.

மிதி எப்படித் தள்ளாக மாறுகிறது என்பதைத்தான் நான் ரசித்து ரசித்துப் பார்ப்பேன். பெடலின் தண்டு சுழல்கிறது. அது ஒரு சிறிய கையைச் சுழற்றுகிறது. அந்தக் கைக்கு எதிரே, எஞ்சின் மூடியோடு ஒட்டினாற்போல், ஒரு தட்டு. இரண்டுக்கும் நடுவில் மூன்று எஃகுக் குண்டுகள். குண்டுகள் உட்கார்ந்திருக்கும் பள்ளங்கள் தட்டையானவை அல்ல. சரிந்து மேலேறும் பள்ளங்கள். கை சுழலும்போது மூன்று குண்டுகளும் ஒரே நேரத்தில் தத்தம் சரிவில் உருண்டு ஏறுகின்றன. குண்டு ஏற ஏற, கைக்கும் தட்டுக்கும் இடைவெளி கூடுகிறது. தட்டு நகராது, ஆகவே கைதான் கிளட்சை நோக்கி நகர்ந்து, நடுவில் இருக்கும் பேரிங்கை அமுக்குகிறது; அந்த அமுக்கில்தான் கிளட்ச் தட்டுகள் பிரிகின்றன. அவ்வளவுதான்! சுழற்சி, நேர்த்தள்ளாக மாறிவிட்டது. நீளமான பெடலில் கால் நகரும் பெரிய தூரம், அங்கே மிகச் சிறிய தூரமாகச் சுருங்குகிறது. தூரம் எவ்வளவு சுருங்கியதோ, விசை கிட்டத்தட்ட அவ்வளவு பெருகுகிறது. குண்டுகள் உரசிக்கொண்டு போவதில்லை, உருள்கின்றன, அதனால் உராய்வில் போகும் இழப்பும் குறைவு.

ஏன் மூன்று? நாற்காலிக்கு ஒரு கால் குட்டையானால் ஆடும். முக்காலி ஆடாது, மேடுபள்ளமான தரையில்கூட மூன்று காலும் ஊன்றி நிற்கும். குண்டுகளும் அப்படித்தான். மூன்று இருந்தால் எந்தக் குண்டும் சும்மா தொங்காது, தள்ளும் ஒரு பக்கம் சாயாது. ஓட்டை உடைசல் கிளட்ச் ஒன்றைப் பிரித்துப் பள்ளிக்கூட மேசையில் வைத்துவிட்டால், சாய்தளம் என்ற பாடத்தை ஒரு வாரம் நடத்த வேண்டிய அவசியமில்லை என்பது என் கட்சி. மாணவர்கள் கையால் சுழற்றிப் பார்த்தாலே போதும். ஆய்வகத்துக்கு லட்சக்கணக்கில் கருவி வாங்குகிறவர்கள் இந்தப் பழைய இரும்பைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

இப்போது ஸ்க்ரூவுக்கு வருவோம். எஞ்சினின் வலப்பக்க மூடியில் நடுவில் கோடு வெட்டிய ஒரு சின்ன ஸ்க்ரூவும் அதைச் சுற்றி ஒரு லாக் நட்டும் தெரியும். இந்த ஸ்க்ரூ, நகராது என்று மேலே சொன்னேனே, அந்தத் தட்டைப் பிடித்திருக்கிறது. இதைத் திருப்பினால் தட்டு கிளட்சுக்குக் கொஞ்சம் கிட்டே போகும் அல்லது விலகும். அதாவது குண்டுகள் ஏறத் தொடங்கி எவ்வளவு நேரம் கழித்துத் தள்ளு பேரிங்கைத் தொடுகிறது என்பதை நாம் முடிவு செய்கிறோம்.

எஞ்சினை நிறுத்திவிட்டு லாக் நட்டைத் தளர்த்துங்கள். ஸ்க்ரூவை வலஞ்சுழியாக ஒரு முழுச் சுற்று திருப்புங்கள், அதற்கு மேல் வேண்டாம். பிறகு இடஞ்சுழியாக, மெதுவாக. முதலில் வெண்ணெயில் திருகுவதுபோல் போகும், அப்புறம் திடீரென்று எதையோ தொட்டதுபோல் லேசாகக் கனக்கும். அந்த இடம்தான் எல்லை. அங்கிருந்து எட்டில் ஒரு சுற்று வலஞ்சுழியாகத் திரும்ப வந்து, ஸ்க்ரூ அசையாமல் ஸ்க்ரூடிரைவரால் பிடித்துக்கொண்டே லாக் நட்டை இறுக்குங்கள். பழைய ஹோண்டா கப் வகை எஞ்சின்களுக்கு இதுதான் முறை. மற்ற எஞ்சின்களில் திசையும் அளவும் மாறலாம், கையேட்டைப் பாருங்கள். வலப்பக்கம் திருகினால் இறுகும் என்று பழகிய கைக்கு இங்கே குழப்பமாக இருக்கும். இங்கே அது இளக்கம்.

எட்டில் ஒரு சுற்று என்றால் எவ்வளவு? மரையின் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 0.125 மில்லிமீட்டர். ஒரு காகிதத்தின் தடிமன், கொஞ்சம் கூட. மெக்கானிக்குகள் 'ப்ளே' என்பது இந்தக் காகித அளவு இடைவெளியைத்தான்.

அது ஏன் வேண்டும்? ஒருமுறை, 'கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே' என்று நான் அந்த எட்டில் ஒன்றை விடவே இல்லை. சமதரையில் குறை தெரியவில்லை. மேட்டில் ஏறும்போது எஞ்சின் கத்தியது, வண்டி நகர மாட்டேன் என்றது. ப்ளே இல்லாததால் குண்டுகள் எப்போதும் பேரிங்கை லேசாக அமுக்கிக்கொண்டே இருந்திருக்கின்றன, தட்டுகள் முழுதாகச் சேரவே இல்லை. எஞ்சின் சூடேறி உலோகம் விரிந்தால் நிலைமை இன்னும் மோசம். இப்படிப்பட்ட வண்டிகளைத்தான் 'ராசியில்லாத வண்டி' என்று சொல்லி விற்றுவிடுகிறார்கள். ராசி 0.125 மில்லிமீட்டரில் இருந்திருக்கும்.

வாசகரின் வண்டிக்கு நேர் எதிரான நோய். அங்கே இடைவெளி அதிகம். மிதியின் முதல் பாதி அந்த இடைவெளியைக் கடப்பதிலேயே வீணாகிறது. கிளட்ச் சரியாகப் பிரிவதற்குள் கியர் போய் முட்டுகிறது. அதுதான் 'டொக்'.

இன்னொரு புதிர். நிற்கும் எஞ்சினில் எடைகள் சுற்றவில்லை, கிளட்ச் பிரிந்திருக்கிறது. பிறகு கிக் அடித்தால் எஞ்சின் எப்படிச் சுற்றுகிறது? கிளட்சின் நடுப்பகுதி நேரான பள்ளங்களில் இல்லாமல் சாய்ந்த சுருள் பள்ளங்களில் கோக்கப்பட்டிருக்கிறது. கிக்கிலிருந்தோ, இறக்கத்தில் பின்சக்கரத்திலிருந்தோ விசை வந்தால், அது திருகு போல நகர்ந்து தட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. எஞ்சின் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடியதும் அது விலகிவிடுகிறது. என்னைப்போல் ப்ளே இல்லாமல் விட்டீர்கள் என்றால் இங்கேயும் தொல்லை. கிக் வழுக்கும்.

அட்ஜஸ்ட் செய்தும் சரியாகவில்லை என்றால் ஸ்க்ரூவை விட்டுவிட்டு எண்ணெயைப் பாருங்கள். தட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே குளிக்கின்றன. உராய்வைக் குறைக்கும் சேர்க்கைகள் கலந்த கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் நழுவும். டப்பாவில் ஜாசோ எம்ஏ (எண்ணெயில் குளிக்கும் கிளட்ச் உள்ள பைக்குகளுக்கான எண்ணெய்த் தரம்) என்று இருக்கிறதா பாருங்கள். நின்றுகொண்டிருக்கும்போதே வண்டி முன்னால் ஊர்ந்தால், முதல் சந்தேகம் ஐட்லிங் வேகத்தின் மேல். குளிர்ந்த எஞ்சினில், நியூட்ரலிலிருந்து முதல் கியர் போடும்போது மட்டும் ஒரு சின்ன 'டக்' கேட்கிறதா? அது கெட்டியான எண்ணெய் தட்டுகளை ஒட்டிப் பிடிப்பதால் வருவது. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடியும் போட்டுப் பாருங்கள்.