சிமெண்டில் கை புண்ணானால் இழப்பீடு உண்டா? தென்னாப்பிரிக்கக் கொத்து வேலைக்காரர்களுக்கு

சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்தால் இழப்பீடு கேட்கலாம் என்பது டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கட்டட வேலைக்குப் போகிற பலருக்குத் தெரியும். கலவையிலேயே கை ஊறி, வெடித்து, புண்ணாகி வேலைக்குப் போகமுடியாமல் ஆனாலும் அதே சட்டத்தில் கேட்கலாம் என்றால்தான் நம்ப மறுக்கிறார்கள். "உங்க உடம்புக்கு சிமெண்ட் ஒத்துக்கலை, வேற வேலை பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டால், சரி, தலையெழுத்து என்று வீட்டுக்கு வந்துவிடுவதுதான் நடக்கிறது.

சட்டத்தின் பெயர் வேலைக் காயங்கள், நோய்கள் இழப்பீட்டுச் சட்டம், 1993-ஆம் ஆண்டின் 130-ஆம் எண். பேச்சில் 'கோய்டா'. இதற்கான சந்தாவை முதலாளிதான் கட்டவேண்டும், உங்கள் கூலியில் ஒரு சென்ட்கூடப் பிடிக்கக்கூடாது. தற்காலிகமாக, அன்றாடக் கூலிக்கு வேலை செய்பவருக்கும் இது உண்டு. சொந்தமாக ஒப்பந்தம் எடுத்துச் செய்பவருக்கு இல்லை. அதனால் "நீ தனி கான்ட்ராக்டர்" என்று காகிதத்தில் கையெழுத்து கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள். யார் நேரம் குறிக்கிறார், யார் மேற்பார்வை பார்க்கிறார், கரண்டியும் கலவை மெஷினும் யாருடையது என்பதையெல்லாம் பார்த்துத்தான் நீங்கள் தொழிலாளியா இல்லையா என்று முடிவாகும். காகிதம் மட்டும் போதாது.

இனி சிமெண்ட் விஷயம். ஈரக் கலவை கடுமையான காரம், பிஎச் அளவு 12-க்கும் மேலே. மண்டியிட்டுத் தளத்தை மட்டம் தேய்க்கும்போது கால்சட்டை வழியாக ஊறினால், வலி தெரிவதற்குள் முழங்கால் தோல் வெந்துவிடும். இது ஒருவகை. இன்னொன்று, சிமெண்டில் உள்ள குரோமியத்தால் வரும் ஒவ்வாமை. பல வருஷம் ஒன்றும் ஆகாமல் இருந்துவிட்டுத் திடீரென்று வரும். வந்துவிட்டால் லேசில் போகாது, கொஞ்சம் கலவை பட்டாலும் திரும்பக் கிளம்பும்.

சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில் நோய்களின் பட்டியல் இருக்கிறது. வேலையால் வரும் தோல் நோய், ஆஸ்துமா, கான்கிரீட்டை அறுக்கும் தூசியால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய், மெஷின் சத்தத்தால் வரும் காது மந்தம், அதிரும் கருவிகளால் விரல் மரத்துப்போவது எல்லாம் அதில் அடக்கம். பட்டியலில் உள்ள நோய் வந்து, அதற்கு எதிரே போட்டிருக்கும் வேலையை நீங்கள் செய்திருந்தால், வேலையால்தான் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டவேண்டியது எதிர்த்தரப்பின் பாடு. இவ்வளவு பலமான பிடி கையில் இருந்தும் பயன்படுத்தாமல் விடுவதுதான் எனக்கு வருத்தம்.

ஆகவே டாக்டரிடம் போனதும் முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டியது, "நான் சிமெண்ட் வேலை செய்கிறேன்." வெறும் 'சொறி' என்று எழுதிக் களிம்பு கொடுத்துவிட்டால் கோரிக்கைக்கு அது உதவாது. தொழில் நோயா என்று பார்த்து, முதல் மருத்துவ அறிக்கை எழுதித் தரச்சொல்லுங்கள். அந்தக் கையோடு முதலாளிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். விபத்து என்றால் அவர் 7 நாளுக்குள், நோய் என்றால் 14 நாளுக்குள் இழப்பீடு தரும் அமைப்புக்கு அறிவிக்கவேண்டும். அவர் அசையாவிட்டால் நீங்களே தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுக்கலாம். விபத்துக்கு நடந்த நாளிலிருந்தும், நோய்க்கு டாக்டர் முதலில் கண்டுபிடித்த நாளிலிருந்தும் 12 மாதத்தையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டடத் தொழிலில் இன்னொன்றும் உண்டு. பல கம்பெனிகள் அரசு இழப்பீட்டு நிதியில் இல்லாமல், 1936-லிருந்து இயங்கும் 'ஃபெம்' என்ற பரஸ்பரக் காப்பீட்டு நிறுவனத்தில் இருக்கும். கோரிக்கை தவறான இடத்துக்குப் போய் முடங்காமலிருக்க, உங்கள் கம்பெனி எதில் என்று முன்னாலேயே கேட்டுவையுங்கள். உள்ஒப்பந்தக்காரர் எங்குமே பதியாமல் விட்டிருந்தால், அவருக்கு வேலை கொடுத்த பெரிய ஒப்பந்தக்காரரைச் சட்டம் பொறுப்பாக்குகிறது.

பணம் எவ்வளவு? வேலைக்குப் போகமுடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 75 சதவீதம். முதல் மூன்று மாதம் முதலாளி கொடுத்துவிட்டுப் பிறகு நிதியிலிருந்து வாங்கிக்கொள்வார். மூன்று நாளோ அதற்கும் குறைவோ என்றால் எதுவும் இல்லை. வைத்தியச் செலவு தனி. நிரந்தரக் குறை 30 சதவீதம் வரை என்றால் மொத்தத் தொகை, அதற்கு மேல் என்றால் மாத ஓய்வூதியம். கலவை தெறித்து ஒரு கண் பார்வை போனால் அது 30 சதவீதம், அதாவது 15 மாதச் சம்பளம். மாதம் 10,000 ராண்ட் வாங்குபவருக்குக் கணக்குப்படி 1,50,000 ராண்ட். உச்ச வரம்பும் கீழ் வரம்பும் உண்டு என்பதால் கொஞ்சம் மாறலாம்.

இதற்குப் பதிலாக முதலாளி மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. ஆனால் கையுறையோ பூட்ஸோ தராத அவருடைய அலட்சியம்தான் காரணம் என்று காட்ட முடிந்தால் கூடுதல் இழப்பீடு கேட்கலாம். சட்டப்படி தரவேண்டிய அந்தச் சாமான்களுக்குக் கூலியில் பிடிக்கவும் அவருக்கு உரிமை இல்லை.

கோரிக்கையைத் தள்ளிவிட்டால் 180 நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். விசாரணைக்கு வழக்கறிஞரையோ தொழிற்சங்கத்துக்காரரையோ கூட்டிப்போகலாம்.