இறந்த நாயை நினைத்துச் சிரிக்கலாமா?

மரணத்தைப் பற்றிப் பிள்ளைக்கு ஒரு படக்கதை வேண்டும் என்று கேட்டு வரும் பெற்றோரிடம் சிரிப்பு வரும் புத்தகத்தைக் கொடுத்தால் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. நாய் இறந்துபோகும் கதையில் அது செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும் படம் எதற்கு என்கிறார்கள். குழந்தைகள் மனநல ஆலோசகராக நான் முதலில் தேடுவதே அந்தப் படத்தைத்தான்.

முதல் பக்கத்திலேயே நாய் நோயில் படுத்துவிட்டால், கேட்கும் குழந்தைக்கு அதன்மேல் ஒட்டுதல் வர வழியே இல்லை. நாலு பக்கம் சேட்டை செய்து சிரிக்க வைத்த பிராணி இல்லாமல் போகும்போதுதான் இழந்தது என்ன என்பது குழந்தைக்குப் புரியும். இறந்த பிறகு வீட்டார் அந்தச் சேட்டைகளைச் சொல்லிச் சிரிக்கும் ஒரு பக்கமும் இருந்தால் அந்தப் புத்தகத்தைத் தயங்காமல் வாங்குங்கள். சிறு குழந்தைகளின் துக்கம் விட்டுவிட்டு வரும். சற்று நேரம் தேம்பிவிட்டுப் பந்தைத் தேடி ஓடுவார்கள். இரவில் திடீரென்று மறுபடியும் தேம்புவார்கள். 'இவனுக்குப் பாசமே இல்லையோ' என்று பெரியவர்கள் வீணாகக் கலங்குகிறார்கள். அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வரும் கதையில் பிள்ளை தன்னையே பார்க்கிறது.

ஒரே இடத்தில் மட்டும் விளையாட்டு கூடாது: இறப்பைச் சொல்லும் வாக்கியத்தில். ஹங்கேரியில் 3 முதல் 10 வயது வரையான குழந்தைகளிடம் உளவியலாளர் மரியா நாகி நடத்திய ஆய்வு 1948-இல் வெளியானது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் பெரும்பாலும் மரணத்தைத் தூக்கம்போலவோ பயணம்போலவோ, திரும்பி வரக்கூடிய ஒன்றாகவே எண்ணினார்கள் என்பது அவர் கண்டது. இறந்த உயிர் மீளாது, அதன் உடல் இனி எதையும் உணராது, எல்லா உயிர்க்கும் இது உண்டு என்பதெல்லாம் பெரும்பாலான குழந்தைகளுக்கு 5 முதல் 7 வயதுக்குள் பிடிபடுவதாகப் பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே 'முயல் நெடுந்தூக்கத்தில் ஆழ்ந்தது' என்று எழுதியிருந்தால், 'எப்போது எழுந்திருக்கும்?' என்று நாலு வயதுப் பிள்ளை கேட்பது முற்றிலும் நியாயமானது. சில பிள்ளைகள் அன்று முதல் படுக்கைக்குப் போகவே பயப்படுகிறார்கள். 'இறந்துவிட்டது, இனி வராது' என்று நேராகச் சொல்லும் புத்தகம் போதும். உங்கள் கையில் இருப்பது வேறு மாதிரி என்றால், படிக்கும்போது அந்த வரியை நீங்களே மாற்றிச் சொல்லுங்கள். எழுத்தாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

படங்களையும் கவனியுங்கள். எழுத்துத் தெரியாத குழந்தையின் கண் பக்கத்தில் எங்கே நிற்கிறது என்று கருவி வைத்துப் பார்த்த ஆய்வுகளில், அது அநேகமாக முழு நேரமும் படத்தின்மேல்தான் இருந்தது. நீங்கள் ஒரு வரியை அவசரமாகக் கடந்தாலும் காலியான கூண்டைப் பிள்ளை பார்த்துவிட்டிருக்கும்.

இந்தக் கதைகளில் மனிதர்களை விட்டு விலங்குகள் ஏன்? வெள்ளெலிக்கு ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுதான். பல வீடுகளில் பிள்ளை சந்திக்கும் முதல் மரணம் வளர்ப்புப் பிராணியுடையதே. இறந்த பாட்டியைப் பற்றி வாய் திறக்காத பிள்ளையும் கதையில் வரும் கரடியைப் பற்றி நிறையக் கேட்கும். 'நீ பாட்டியைத்தானே நினைக்கிறாய்?' என்று உடனே பிடித்துவிடாதீர்கள். கரடியைப் பற்றியே பேசட்டும்.

கடைசிப் பக்கத்தில் புது நாய்க்குட்டி வந்து எல்லாவற்றையும் சரிசெய்யும் கதைகளை நான் பரிந்துரைப்பதில்லை. போன உயிருக்கு மாற்று கடையில் கிடைக்கும் என்று அவை சொல்லிவிடுகின்றன.

முதலில் நீங்கள் தனியாக ஒருமுறை படித்துவிடுங்கள். பிள்ளையோடு படிக்கும்போது குரல் தழுதழுத்தால் மறைக்க வேண்டாம்; 'எனக்கும் வருத்தமாக இருக்கிறது' என்றால் போதும். அதே புத்தகத்தைப் பத்தாவது முறை கேட்டாலும் படியுங்கள். பல வாரங்கள் ஆகியும் தூக்கமும் சாப்பாடும் விளையாட்டும் பழையபடி திரும்பாவிட்டால், அல்லது செத்துப்போக வேண்டும் என்று பிள்ளை பேசினால், புத்தகத்தை மட்டும் நம்பிக் காத்திருக்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.