லண்டன் கெயார் விசாவுக்குக் காணியை ஈடு வைக்க முன்

விசுவமடுப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா, சொப்பிங் பைக்குள்ளிருந்து நாலாக மடித்த காணி அனுமதிப்பத்திரத்தை எடுத்து என் மேசையில் விரித்தார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் செலோடேப் ஒட்டியிருந்தது. இடம்பெயர்ந்த காலம் முழுக்க அதைத் தன்னோடு கொண்டு திரிந்தவர் அவர்.

"மிஸ், இதை வைச்சு ஒரு ஈடு எழுதித் தரவேணும். மகளுக்கு லண்டன் கெயார் விசா சரிவந்திட்டு. வாற வெள்ளிக்கு முதல் இருவது லட்சம் கட்டச் சொல்லியிருக்கினம்."

நான் கிளிநொச்சியில் சட்டத்தரணியாகவும் நொத்தாரிசாகவும் வேலை செய்கிறேன். இப்படி ஒரு பத்திரத்தோடும் ஒரு வெள்ளிக்கிழமையோடும் வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். இந்தக் குடும்பத்தை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். மற்றதெல்லாம் நடந்தபடி.

மகள் என்.வி.கியூ. பராமரிப்பாளர் பயிற்சி முடித்தவள். வீட்டில் பாரிசவாதத்தில் படுத்திருக்கும் அம்மம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்து, புண் வராமல் பார்ப்பதும் அவள்தான். ஏஜென்ட் அனுப்பிய "ஸ்பொன்சர் பத்திரம்" அவளுடைய போனில் இருந்தது. இன்னாரை வேலைக்கு எடுக்கிறோம் என்று பிரித்தானிய நிறுவனம் விசாவுக்காகக் கொடுக்கும் பத்திரம் அது. வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தொழில் குறியீடு 6145 என்றிருந்தது. ஆண்டுச் சம்பளம் 20,480 பவுண். திகதி மட்டும் 2025 ஓகஸ்ட்.

பிழை எங்கே என்றால், 6145 பழைய குறியீடு. 2024 ஏப்ரல் 4 முதல் பராமரிப்புப் பணியாளருக்கான குறியீடு 6135. 20,480 பவுண் என்பது 2022இல் இந்த வழி திறந்தபோது இருந்த ஆகக் குறைந்த சம்பளம். 2025 ஏப்ரலில் அது 25,000 பவுண் ஆகிவிட்டது. யாரோ ஒருவருக்கு 2022இல் வந்த உண்மையான பத்திரத்தை எடுத்து, பெயரையும் திகதியையும் மாற்றியிருக்கிறார்கள். அப்புறம் எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 2025 ஜூலை 22க்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து பராமரிப்புப் பணியாளரைப் புதிதாக எடுக்கும் வழியே பிரித்தானியாவில் இல்லை. பத்திரத்தில் போட்டிருந்த திகதிக்கு முதலே கதவு பூட்டியாயிற்று.

இந்த வழி எப்படித் திறந்தது, ஏன் மூடியது என்பதை நம் ஊரில் யாரும் சொல்லித் தருவதில்லை. தெரிந்திருந்தால் பாதிப் பேர் என்னிடம் வந்திருக்கவே மாட்டார்கள்.

இங்கிலாந்தில் வயோதிபர் இல்லங்களிலும், வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பராமரிப்புச் சேவையிலும் 2021–22இல் ஏறக்குறைய 165,000 வேலைகள் ஆளில்லாமல் கிடந்தன. அங்குள்ளவர்கள் அந்தச் சம்பளத்துக்கு அந்த வேலைக்கு வரவில்லை. குடிவரவு ஆலோசனைக் குழு சொன்னதன் பேரில் 2022 பெப்ரவரியில் பராமரிப்புப் பணியாளருக்கும் சுகாதார, பராமரிப்பு விசா கிடைக்கத் தொடங்கியது. ஆட்கள் போய்ச் சேரச் சேர வெற்றிடம் குறைந்தது. 2024–25இல் அது 111,000 அளவுக்கு இறங்கியது.

ஆனால் எதிர்பார்த்ததை விடக் கூடுதலானோர் போனார்கள். 2023 செப்டெம்பருடன் முடிந்த ஓராண்டில் 100,000 பணியாளரோடு 120,000 குடும்பத்தினர் வந்ததாக அந்த அரசாங்கமே கணக்குச் சொன்னது. 2024 மார்ச் 11இல் கணவன், மனைவி, பிள்ளைகளைக் கூட்டிப்போகும் உரிமை நிறுத்தப்பட்டது. 2025 மே 12இல் அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அதாவது கொள்கைத் திட்டம், இந்த வழியையே மூடப்போவதாகச் சொன்னது. ஜூலை 1இல் விதி மாற்றம் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டு, 22ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இடையில் 21 நாள்தான். பிரித்தானியக் குடிவரவு விதிகள் பெரும்பாலும் இப்படித்தான் மாறுகின்றன. முழுச் சட்டமூலமாக மாதக்கணக்கில் விவாதித்து வருவதில்லை. மேசையில் வைத்த சில வாரங்களில் அமுலாகிவிடும். தவணை முறையில் ஆறு மாதம் காசு கட்டச் சொல்லும் ஏஜென்டிடம் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். முதல் தவணை கட்டும்போது இருக்கும் விதி கடைசித் தவணையில் இருக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

அங்கே நடந்த விவாதத்தைப் பார்த்தால், ஒரு பக்கம் குடிவரவு எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், உள்ளூர் ஆட்களுக்குச் சம்பளத்தைக் கூட்டி எடுக்க வேண்டும் என்றது. மற்றப் பக்கம், அதுவரைக்கும் எங்கள் வயோதிபர்களை யார் குளிப்பாட்டுவது என்று கேட்டது. இரண்டுமே நியாயமான கேள்விகள். வழியை மூடியதற்குச் சொன்ன காரணங்களில் சுரண்டலும் ஒன்று. அதுவும் உண்மைதான். 2024 மார்ச்சில் வெளியான எல்லை, குடிவரவு விவகாரங்களுக்கான சுயாதீன தலைமைப் பரிசோதகர் டேவிட் நீலின் அறிக்கையில், இல்லாத ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு 275 ஸ்பொன்சர் பத்திரங்கள் கொடுக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. நாலு ஊழியர் இருப்பதாகச் சொன்ன இன்னொரு நிறுவனத்துக்கு 1,234. உரிமம் பெற்ற 1,600 நிறுவனங்களுக்கு ஒரு மேற்பார்வை அதிகாரி என்ற கணக்கில்தான் கண்காணிப்பு இருந்ததாம்.

அந்த 275இல் ஒவ்வொன்றும் எங்கோ ஒரு வீட்டில் அடைவு போன தாலிக்கொடி. வழியை மூடினால் புதிய விசா நிற்கும், சரி. தர்மபுரத்திலிருந்தும் மல்லாவியிலிருந்தும் ஏற்கெனவே வெளிக்கிட்ட காசு அதனால் திரும்பி வராது. சுரண்டலைப் பேசிய எந்தத் தரப்பும் இந்தக் காசைப் பற்றிப் பேசியதாக நான் காணவில்லை. எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

போய்ச் சேர்ந்தவர்களும் தப்பவில்லை. 2022 ஜூலை முதல் 2024 இறுதி வரை பராமரிப்புத் துறையில் 470க்கு மேற்பட்ட நிறுவனங்களின் ஸ்பொன்சர் உரிமம் பறிக்கப்பட்டது. அவற்றோடு தொடர்புபட்டவர்கள் 39,000 பேருக்கு மேல். நிறுவனம் பிழை செய்தாலும் விசா போவது தொழிலாளிக்கு. வழக்கமாக 60 நாளுக்குள் வேறு ஸ்பொன்சர் தேட வேண்டும். 2025 நவெம்பரில் உள்துறைச் செயலாளர் ஷபானா மஹ்மூத் முன்வைத்த திட்டம், இந்தத் தரத்து வேலையில் உள்ளவர்கள் நிரந்தர வதிவிடத்துக்கு 15 ஆண்டு காத்திருக்க வேண்டும் என்றது. முன்பு 5 ஆண்டு. "அஞ்சு வருசத்தில பி.ஆர்., பிறகு எல்லாரையும் எடுக்கலாம்" என்று இன்னும் ஊரில் சொல்லித் திரிகிறவர்கள் பழைய கதையைத்தான் சொல்கிறார்கள்.

இனிக் காணிக்கு வருகிறேன். என் தொழில் அதுதான்.

வன்னியில் பெரும்பாலான குடும்பங்களிடம் இருப்பது முழு உரிமையுள்ள உறுதிக் காணி அல்ல, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணி. குடியேற்றத் திட்டங்களில், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கிடைத்தது. பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் அதை விற்கவோ தனியாருக்கு ஈடு வைக்கவோ முடியாது. எழுதினாலும் செல்லாது. இது வட்டிக்குக் கொடுக்கிறவர்களுக்கும் நன்றாகத் தெரியும். அதனால் அவர்கள் வேறு வேலை செய்கிறார்கள். பேர்மிட்டைக் கையில் வாங்கி வைப்பார்கள். வெற்றுத் தாளில் கையொப்பம் எடுப்பார்கள். உறவினர் ஒருவரின் உறுதிக் காணியைப் பிணையாகக் கேட்டு, ஈடு என்று வாயால் சொல்லிவிட்டு அறுதி உறுதி எழுதிப்போடுவார்கள். கடைசியாகச் சொன்னதுதான் ஆகப் பயங்கரம். ஈடு என்றால் காசைக் கட்டிக் காணியை மீட்கலாம். அறுதி என்றால் கையொப்பம் வைத்த அன்றே காணி மற்றவருடையது. பிறகு அது ஈடுதான் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வருடக்கணக்கில் அலைய வேண்டும். நொத்தாரிசு வாசிக்கும்போது "அறுதி" என்ற சொல் காதில் விழுந்தால் பேனையைக் கீழே வையுங்கள். வாசிக்காமல் கையொப்பம் கேட்கிற நொத்தாரிசிடமிருந்து எழும்பி வாருங்கள்.

காசைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பொன்சர் பத்திரத்துக்கு பிரித்தானிய அரசாங்கம் நிறுவனத்திடம் எடுக்கும் கட்டணம் 2025 ஏப்ரலில் 525 பவுண் ஆனது, நம் காசில் ஏறக்குறைய இரண்டு லட்சம். அதை நிறுவனமே கட்ட வேண்டும். தொழிலாளியிடம் அறவிடுவது 2024 டிசெம்பர் 31இலிருந்து தடை. அந்தப் பத்திரத்துக்கென்றே இந்த அம்மாவிடம் மொத்தமாகக் கேட்டது 45 லட்சம்.

இலங்கையில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் வேண்டும். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அது. படிப்பு விசா ஆலோசனை நிலையம் என்ற பெயர்ப்பலகை அந்த உரிமம் ஆகாது. உரிம இலக்கத்தைக் கேளுங்கள். தராவிட்டால் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது உங்கள் பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அலுவலரைப் போய்ப் பாருங்கள். இஸ்ரேல் பராமரிப்பு வேலைக்குப் பணியகம் நேரடியாகத்தான் ஆள் எடுக்கிறது, இடையில் முகவருக்கு வேலையில்லை. ஜப்பான் வழிக்கு மொழிப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். காசு கட்டி அதைத் தாண்ட முடியாது.

அந்தப் பிள்ளைக்கு நான் இதையெல்லாம் சொல்லி முடிக்க முன்னரே அவளுடைய போன் அடித்தது. ஏஜென்ட். "வெள்ளிக்கிழமை தாண்டினா ஸ்லொட் போயிடும்" என்ற குரல் எனக்கும் கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். ஸ்பீக்கரில் போடச் சொல்லி, உரிம இலக்கம் என்னவென்று கேட்கச் சொன்னேன். கேட்டாள். லைன் கட்டாயிற்று.

ஈடு எழுதவில்லை. பேர்மிட்டை அம்மா பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகுதான் மெல்லச் சொன்னார், ஏற்கெனவே ஐந்து லட்சம் முற்பணம் கொடுத்தாயிற்று என்று. மகளின் நகையை அடைவு வைத்த காசு. பற்றுச்சீட்டு கேட்டதற்கு, "எங்களை நம்பேல்லையோ" என்று கேட்டார்களாம். நல்லகாலம், கையில் கொடுக்காமல் வங்கியில் போட்டிருந்தார். அந்தச் சிலிப் பைக்குள்ளேயே, பேர்மிட்டுக்குக் கீழே கிடந்தது. இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று பொலிஸ் முறைப்பாட்டோடும் மற்றது பணியகத்துக்கான முறைப்பாட்டோடும் போயிருக்கிறது.