பாப்திஸ்து: ‘தொட்டி சர்ச்’ என்பதும் நல்ல தமிழ்தான்

குன்னூர் பக்கம் எங்கள் சபையின் பலகையில் ‘பாப்திஸ்து திருச்சபை’ என்று எழுதியிருக்கும். ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் யோசிப்பார். ‘தொட்டி சர்ச்’ என்றால் நேரே கொண்டுவந்து விடுவார். பிரசங்க மேடையின் பலகைகளைத் தூக்கினால் ஞானஸ்நானம் கொடுக்க நாலு படி இறங்கும் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. பெயர் அதனால் வந்தது. கேலியாகத்தான் வைத்தார்கள், ஆனால் ‘பாப்திஸ்து’ என்பதன் மூலச் சொல்லுக்கு அதுதான் கிட்ட நிற்கிறது.

‘பாப்டிசோ’ என்ற கிரேக்க வினைக்கு அமிழ்த்து, முக்கு என்று பொருள். கப்பல் மூழ்குவதற்கும் அந்தச் சொல் வரும். அதன் வேரான ‘பாப்டோ’ துணியைச் சாயத்தில் தோய்ப்பதையும் குறிக்கும். நம் ‘தோய்’ ஏறக்குறைய அதேதான். யாழ்ப்பாணத்தில் தலைக்குக் குளிப்பதையே தோய்வது என்பார்கள்.

சபைக்கு ‘பாப்திஸ்து’ என்ற பெயர் வந்த கதை வேறு. 1609இல் ஆம்ஸ்டர்டாமில் ஒதுங்கியிருந்த ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயர், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது செல்லாது, விசுவாசிக்கிறவர் தானே கேட்டுப் பெறவேண்டும் என்றார். கொடுக்க ஆள் இல்லாமல் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டார். அதிலும் அவர் முழுகவில்லை, தண்ணீரை ஊற்றிக்கொண்டார்! முழுகுவது 1640களில்தான் லண்டன் சபைகளில் நிலைத்தது. அந்த வழியில் வந்த மிஷனரி வில்லியம் கேரி 1793இல் வங்காளத்தில் இறங்கினார். 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய சபைகள் கூடி தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆனபோது பாப்திஸ்துகள் சேரவில்லை. ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும், மேலே பிஷப் கிடையாது என்பது அவர்கள் கொள்கை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘ஞானஸ்நானம்’ இரண்டு வடசொற்களின் கூட்டு. ‘யோவான் ஸ்நானன்’ என்று சீர்திருத்தச் சபையாரும், ‘ஸ்நாபக அருளப்பர்’ என்று ஆர்.சி. எனப்படும் கத்தோலிக்கரும் ஒரே ஆளை, இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரை, அழைத்து வந்தார்கள். 1995இல் வந்த திருவிவிலியத்தில் அவர் ‘திருமுழுக்கு யோவான்’ ஆனார். குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றும் கத்தோலிக்கர் ‘முழுக்கு’ என்கிறார்கள். ஆளையே முக்கியெடுக்கும் நாங்கள் இன்னும் ‘ஞானஸ்நானம் எடுத்தாச்சா?’ என்றுதான் கேட்கிறோம்.

முழுக்கு பழைய சொல், பெரிய சொல். மாயவரத்தில் ஐப்பசி மாதம் துலா முழுக்கு, வீட்டில் எண்ணெய் முழுக்கு. குடமுழுக்கில் கலசத் தண்ணீரை ஊற்றத்தானே செய்கிறோம்? ஆக ஊற்றுகிறவர்களுக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் ‘தலைமுழுகு’ என்று ஒன்று இருக்கிறதே, அது எங்களுக்கென்றே செய்தது. சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகுகிறோம். ஒருவனை வேண்டாமென்று விட்டாலும் தலைமுழுகியாச்சு என்கிறோம். பழைய மனுஷன் செத்து, அடக்கமாகி, புதிதாக எழும்புகிறான் என்று பைபிளின் ரோமர் 6ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்க அரைமணி நேரம் ஆகும். தமிழ் அதை ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது.

தொட்டி கட்டுவதற்கு முன்னால் எஸ்டேட்டுக்குக் கீழே ஓடையில்தான் கொடுத்தார்கள். மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரை இடுப்பளவு தேக்குவார்கள். மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்து தேயிலை பறித்த பாட்டி ஒருவர் அங்கே எடுத்தவர். “முக்குனப்ப மூச்சே நின்னுடுச்சு சாமி. மண்டபம் கேம்ப், கண்டி, எல்லாத்தையும் அன்னிக்கே தலமுழுகிட்டேன்” என்பார். இப்போது இரண்டு அண்டா வெந்நீர் கலக்கிறோம். வெள்ளை அங்கியின் ஓரத்தில் ஈயக் குண்டு வைத்துத் தைத்திருக்கும், தண்ணீரில் அங்கி மிதக்கக் கூடாது. அப்படியும் பல் தந்தியடிக்கும்.

போன வருஷம் பலகைக்குப் புது பெயின்ட் அடிக்கும்போது ‘திருமுழுக்குத் திருச்சபை’ என்று எழுதலாமே என்றேன். கமிட்டியில் மூத்த ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, அது ஆர்.சி. வார்த்தை.”