துடைத்த துணியில் பிறக்கும் தீ

மார்கழி விடியலில் ஏற்காட்டுக் காட்டெருமை முழுதாகத் தெரிவதில்லை. பனிமூட்டத்தில் உடல் கரைந்துவிடும்; முழங்காலுக்குக் கீழே உள்ள வெள்ளை மட்டும் காப்பிச் செடிகளுக்கிடையே நகரும். என் அரூப ஓவியங்கள் அந்த நான்கு வெள்ளைக் கீற்றுகளிலிருந்து வந்தவை. கொம்பையும் கண்ணையும் நான் வரைவதில்லை. சுட்ட அம்பர் என்ற பழுப்பு எண்ணெய் வண்ணத்தையும் அல்ட்ராமரின் என்ற நீலத்தையும் கலந்து கான்வாஸ் முழுக்கக் கருமையாகப் பூசுவேன். பிறகு பழைய வேட்டித் துணியால் அழுத்தித் துடைப்பேன். பனி வருவது தூரிகையால் அல்ல, துணியால்தான்.

ஒரு படம் முடிவதற்குள் பத்துப் பன்னிரண்டு துணிகள் சேர்ந்துவிடும். வண்ணக் குழாய்களைப் பத்திரமாக மூடி வைக்கும் நாம் இந்தத் துணிகளைக் குப்பை என்றே நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், சேலத்தில் என் வேலை அறையில், துணிகளைச் சுருட்டி ஒரு பையில் திணித்துக் கதவோரம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்தபோது அறையெங்கும் காய்ந்த எண்ணெயின் காரல் வாடை. பையைத் தூக்கினேன். அப்போதுதான் வடித்த சோற்றைக் கட்டிய பொட்டலம் போல அடிப்பக்கம் சுட்டது. பக்கத்தில் அடுப்பில்லை, விளக்கில்லை, ஊதுவத்திகூட இல்லை. முற்றத்துக்கு ஓடி வாளித் தண்ணீரில் அமுக்கினேன். கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது.

தேங்காய் எண்ணெய் பட்ட துணி எத்தனை நாளானாலும் பிசுபிசுவென்றே இருக்கும். ஓவியர்கள் பயன்படுத்தும் லின்சீட் எண்ணெய், அதாவது ஆளி விதை எண்ணெய், அப்படியல்ல. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு கெட்டியாகிறது. தண்ணீர் போல ஆவியாகி உலர்வதில்லை. ஆக்சிஜனை இழுத்து உலரும்போது வெப்பம் வெளிப்படும். விரித்த துணியில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். சுருட்டிய துணியிலோ உள்ளேயே தங்கும். சூடு ஏற ஏற உலர்தல் வேகமாகும், அதனால் சூடு இன்னும் ஏறும். தீக்குச்சியே இல்லாமல் துணி பற்றிக்கொள்ளும். காட்டெருமையின் நிறத்துக்காக நான் நம்பியிருக்கும் அம்பரிலும் மாங்கனீசு உண்டு. எண்ணெய் உலர்வதை அது விரைவுபடுத்தும்.

இதை மிகைப்பேச்சு என்று நினைக்க வேண்டாம். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று எரிந்தது, லின்சீட் எண்ணெயில் நனைந்த துணிகளில் தொடங்கிய தீயால்தான். தீயணைப்பு வீரர்கள் மூவர் அதில் இறந்தார்கள்.

வண்ணத்தை இளக்கவும் தூரிகை கழவவும் பயன்படும் டர்பன்டைனின் ஆபத்து வேறு வகை. சுமார் 35 டிகிரியிலேயே அதன் ஆவி ஒரு பொறிக்குப் பற்றும். சித்திரையில் சேலத்து அறை அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தாண்டும். திறந்த கிண்ணத்தில் அதை வைத்துக்கொண்டு பக்கத்தில் காப்பி போடாதீர்கள். தூரிகை கழுவிய டர்பன்டைனைக் கழுவுதொட்டியில் ஊற்றவும் வேண்டாம். மூடிய பாட்டிலில் சில நாள் வைத்தால் வண்ணம் அடியில் படியும். மேலே தெளிந்ததை மீண்டும் பயன்படுத்தலாம். அடிவண்டலில் காட்மியம், கோபால்ட் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கக்கூடும். மலையில் நாம் கொட்டுவது ஓடைக்குத்தான் போகும். அந்த ஓடையில்தான் காட்டெருமை வாய் வைக்கும்.

மலையில் வரைபவர்களிடம் இதை மன்றாடியே கேட்கிறேன். மாசி, பங்குனியில் சில்வர் ஓக் மரச் சருகு கணுக்கால் அளவு கிடக்கும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி அங்கே எறிந்துவிட்டு வருவதும், கொள்ளிக்கட்டையை எறிந்துவிட்டு வருவதும் எனக்கு ஒன்றுதான்.

இப்போது என் அறை வாசலில் பாதி தண்ணீர் நிறைத்த ஒரு தகர டப்பா இருக்கிறது, மூடியோடு. வேலை நடக்கும்போதே துணிகள் அதில் போய்விடும். குறைவாக எண்ணெய் பட்டவற்றை வெளியே கொடிக்கம்பியில் ஒற்றை மடிப்பில், ஒன்றின்மேல் ஒன்று படாமல் விரிக்கிறேன். சில நாளில் அப்பளம் போல விறைத்துவிடும். அதன் பிறகே அவை குப்பைக்குப் போகும். அக்ரிலிக் வண்ணத்துக்கு இந்தக் கவலை இல்லை, அதிலுள்ள தண்ணீர் ஆவியாகித்தான் அது உலரும். எண்ணெய் வண்ணம் கற்க வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் தூரிகையைக் கொடுப்பதற்கு முன் அந்தத் தகர டப்பாவைக் காட்டுகிறேன்.