குனிந்தால் ஓடும் நாய்

தெருநாய் துரத்தினால் ஓடாதே, கல் எடுப்பது போலக் குனி என்று சிறுவயதிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கையில் கல் இருக்கிறதா என்று நாய் பார்ப்பதில்லை. முதுகு வளைந்ததுமே திரும்பிவிடும். ‘கல்லைக் கண்டால் நாயைக் காணோம்’ என்ற பழமொழி கொஞ்சம் பிந்திவிட்டது. கல் கண்ணில் படும்வரை எந்தத் தெருநாயும் காத்திருக்காது.

அப்படி ஒரு நாயைத் தத்தெடுத்து வருகிறீர்கள். சோற்றுத் தட்டை வைக்கக் குனிந்தால் கட்டிலுக்கடியில் போய் ஒளிகிறது. காரணம் அதே குனிதல்தான். வலிக்குச் சற்று முன்னால் எது வந்ததோ, அதை நாயின் மூளை பிடித்து வைத்துக்கொள்கிறது. அமிக்டலா என்ற பகுதியில் ‘குனிதல்’ என்ற காட்சியும் ‘அடி’ என்ற வலியும் அடுத்தடுத்து வந்து சேரும்போது அங்குள்ள நரம்பிணைப்புகள் வலுப்படுகின்றன. அதிர்ச்சி கடுமையானதாக இருந்தால் ஒருமுறை போதும். அதன்பின் குனிவதைக் கண்டாலே நெஞ்சு படபடக்கும், கால் ஓடும். நாய் உங்களை நம்பவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை.

எல்லாப் பயத்துக்கும் ‘யாரோ நல்லா அடிச்சிருக்காங்க’ என்று காரணம் சொல்வதும் தவறு. மிக்சி, மின்விசிறி, வழுக்கும் டைல்ஸ் தரை, லிஃப்ட் ஆகியவற்றால் யாரும் நாயை அடித்திருக்க மாட்டார்கள். பிறந்து 3 வாரத்திலிருந்து சுமார் 12, 14 வாரம் வரை குட்டி எவற்றையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ, அவை அதற்குச் சாதாரணமாகிவிடும். அந்தக் காலத்தில் பார்க்காதவை பிற்பாடு மிரட்டும். 1961-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், மனிதத் தொடர்பே இல்லாமல் வேலிக்குள் வளர்ந்த குட்டிகளை வெவ்வேறு வயதில் ஒரு வாரம் மட்டும் ஆட்களோடு பழகவிட்டார்கள். 14 வாரம் வரை அந்த வாய்ப்பே கிடைக்காத குட்டிகள், பிறகு எவ்வளவு முயன்றும் மனிதரோடு சரியாக ஒட்டவில்லை. தடி வைத்திருப்பவரிடம் மட்டும் மிரளும் நாய்க்கு இருப்பது கற்ற பயம். புதிதாக வரும் எதைக் கண்டாலும் மிரளும் நாயிடம் பழக்கக் குறை இருக்கலாம். பயிற்சி இரண்டுக்கும் ஒன்றுதான். பின்னதில் பலன் மெதுவாக வரும், முழுதாக வராமலும் போகலாம்.

துடைப்பத்துக்குப் பயப்படும் நாயை எடுத்துக்கொள்வோம். உப்பு, வெங்காயம், எலும்பு இல்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 50 கிராம் வேண்டும். 15 கிலோ நாயின் ஒரு நாள் தேவையில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அந்த அளவுக்கு வழக்கமான சோற்றைக் குறைத்துவிடுங்கள். கறியைப் பட்டாணி அளவில் நறுக்குங்கள். (கருவாட்டுக்கு நாய் உயிரையே கொடுக்கும்தான், ஆனால் அதில் உப்பு அதிகம்.) நாய் துடைப்பத்தைப் பார்க்க வேண்டும், பார்த்தும் நிதானமாகச் சாப்பிட வேண்டும், அந்தத் தூரத்தைக் கண்டுபிடியுங்கள். அது ஐந்து மீட்டராகவும் இருக்கலாம், அடுத்த அறையாகவும் இருக்கலாம். ஒருவர் துடைப்பத்தை எடுத்துக் காட்டுகிறார். ஒரு நொடி கழித்து இன்னொருவர் ஒரு துண்டு கறியைப் போடுகிறார். துடைப்பம் மறைந்ததும் கறியும் நிற்கிறது. பத்து முறை, மூன்று நான்கு நிமிடம், அவ்வளவுதான் அன்றைய பாடம். துடைப்பத்தைக் கண்டதும் ‘கறி எங்கே’ என்று நாய் உங்கள் பக்கம் திரும்ப ஆரம்பித்தால், அடுத்த நாள் அரை மீட்டர் கிட்டே வரலாம். கிடத்திவைத்த துடைப்பம், நிமிர்த்திய துடைப்பம், பெருக்கும் துடைப்பம் மூன்றும் நாய்க்கு வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் மறுபடி தூரத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

பெரும்பாலானோர் சறுக்குவது வரிசையில்தான். கறியைக் காட்டி நாயை வரவழைத்து, பிறகு துடைப்பத்தை எடுப்பார்கள். மூளை முன்னால் வந்ததைத்தானே குறித்துக்கொள்கிறது? நான்கு நாளில் கறி டப்பாவைத் திறக்கும் சத்தத்துக்கே நாய் ஒளியும். இன்னொன்று, அவசரம். உதட்டை நக்குவது, கொட்டாவி, வாலைச் செருகுவது, கறியைத் தொடாமல் விடுவது எல்லாம் அளவுக்கு மீறிக் கிட்டே வந்துவிட்டீர்கள் என்பதற்கான அடையாளங்கள்.

தட்டருகே போனால் உறுமும் நாய்க்கும் கணக்கு இதேதான். தெருவில் தட்டருகே வந்தவர் எல்லாம் பிடுங்கத்தான் வந்தார்கள். பழக்கப்படுத்துகிறேன் என்று பாதிச் சாப்பாட்டில் தட்டை எடுத்தால் அந்தச் சந்தேகத்தை நீங்களே உறுதிப்படுத்துகிறீர்கள். நாய் விறைக்காத தூரத்தில் கடந்துபோங்கள், தட்டில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டை வீசுங்கள், நிற்காமல் போய்விடுங்கள். உறுமுவதற்காக அடிக்கவே கூடாது. அடித்தால் உறுமல்தான் நிற்கும், உள்ளே இருக்கும் பயம் நிற்காது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடி விழும். வீட்டில் குழந்தை இருந்தால் நாய்க்குச் சாப்பாடு கதவடைத்த அறையில்தான். பல் பட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

பயம் போய்விட்டது என்று நினைத்திருக்கும்போது திரும்பி வருவது ஏன்? 1924-இல் ரஷ்யாவின் லெனின்கிராட்டில் வெள்ளம் வந்தபோது, நாய்களின் கற்றலை ஆராய்ந்த விஞ்ஞானி பாவ்லோவின் ஆய்வக நாய்கள் கூண்டுகளில் மூழ்கும் நிலைக்குப் போய்க் காப்பாற்றப்பட்டன. அவற்றில் சில, கற்ற பழக்கங்களை இழந்திருந்தன. அப்படி ஒரு நாயை மெல்ல மெல்லத் தேற்றி எடுத்த பிறகு, கதவுக்கடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டார்கள். அது மீண்டும் குலைந்துபோனது. பழைய இணைப்பு அழிவதில்லை. அதன்மேல் புதியது ஒன்று எழுதப்படுகிறது. அந்தப் புதிய பாடமோ கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உங்கள் கூடத்தில் துடைப்பத்துக்கு அசையாத நாய், அண்ணன் வீட்டு வாசலில் ஓடுவது இதனால்தான். நான்கைந்து இடங்களில் பயிற்சியை நடத்திப் பாருங்கள். இதுவரை இல்லாத பயம் வளர்ந்த நாய்க்குத் திடீரென்று வந்தால் மட்டும் பயிற்சியைத் தொடங்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுவலியோ காதுவலியோ காரணமாக இருக்கக்கூடும்.

தீபாவளி வெடிக்கு இந்த முறை அவ்வளவாக உதவாது, தூரத்தை நாம் தீர்மானிக்க முடியாதே. போனில் வெடிச்சத்தம் போட்டுப் பழக்குவார்கள்; அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அடித்தொனி வராது, நிஜ வெடியின் அதிர்வும் இல்லை. மடியில் வந்து ஒண்டினால் அணைத்துக்கொள்ளலாம், அதனால் பயம் அதிகமாகிவிடாது. ரொம்ப நடுங்கும் நாய்க்குப் பயத்தையே குறைக்கும் மருந்து உண்டு. ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் கேட்டு, வெடியில்லாத ஒரு நாளில் ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். வீட்டில் இருக்கும் மனிதர்களின் தூக்க மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதித்த நேரம் சமீப ஆண்டுகளில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. நாயை விடியுமுன் 5 மணிக்கே வெளியே கூட்டிப்போய்விடுங்கள், கழுத்துப்பட்டை ஒன்று, மார்புப்பட்டை ஒன்று, இரண்டிலும் கயிறு மாட்டி.