ஜூஸ் மட்டும் குடித்துவிட்டு ஈயப் பட்டறைக்குப் போகாதீர்கள்

ஈயம் ஏறிய உடம்போடு என்னிடம் வந்தவர்களில் இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். பழைய பேட்டரிகளைப் பிரித்து ஈயத் தகடு எடுக்கும் வேலை. ஆறு வாரமாகத் தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கும் வலி, நான்கு நாளைக்கு ஒருமுறைதான் மலம். காஸ் என்று நினைத்து மாத்திரை விழுங்கியிருக்கிறார். ரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பது தெரிந்த பிறகு அவர் செய்ததுதான் கொடுமை. காலைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். கொத்தமல்லி ஜூஸ் ஒரு டம்ளர், நேராகப் பட்டறை, மதியம் வரை பட்டினி. "உள்ளே இருக்கிறதெல்லாம் கழுவிக்கிட்டுப் போயிடும்னாங்க மேடம்" என்றார்.

கழுவிவிட அது சாக்கடை இல்லை ஐயா, குடல்.

உணவியல் நிபுணராக இதை எத்தனை முறை சொல்வது என்றே தெரியவில்லை. விழுங்கிய ஈயம் சாப்பாட்டோடு சேர்ந்து போனால் பெரியவர்கள் உடம்பில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் ஏறும். அதே ஈயம் வெறும் வயிற்றில் இறங்கினால் பாதிக்கு மேல்கூட ரத்தத்தில் கலந்துவிடும். அவர் கையிலும் மீசையிலும் படிந்த தூசி நாள் முழுக்க வாய்க்குள் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து வயிற்றைக் காலியாக வைத்தால் ஈயத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது மாதிரி. ஏற்கெனவே ஏறிய ஈயத்தில் பெரும்பகுதி எலும்பில் போய் உட்கார்ந்துவிடும். அங்கிருந்து இறங்கப் பல வருடங்கள் ஆகும். எந்த ஜூஸும் அதைத் தொடாது. கரித்தூள் மாத்திரையும் அப்படித்தான், உலோகங்களை அது சரியாகப் பிடித்துவைக்காது. ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்துகள் இருக்கின்றன. அவை மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் எடுக்க வேண்டியவை, இணையத்தில் பார்த்து வாங்குவதற்கல்ல.

சரி, சாப்பாட்டால் என்னதான் முடியும்? ஏறுவதைக் குறைக்க முடியும். இரும்புச்சத்தை உறிஞ்சும் வழியிலேயே ஈயமும், காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகமும் உள்ளே நுழைகின்றன. ரத்தசோகை உள்ளவர் குடல் இரும்புக்காக ஏங்கி அந்த வழியை அகலத் திறந்து வைத்திருக்கும். கால்சியம் குறைந்தாலும் ஈயத்துக்குக் கொண்டாட்டம். அதனால் வேலைக்குக் கிளம்புமுன் வயிறார ஒரு வேளை சாப்பாடு. பருப்பு, கீரை, முட்டை, இறைச்சி எது ஒத்துக்கொள்கிறதோ அது. பால் அல்லது தயிர். கூடவே வைட்டமின் சி உள்ள ஒரு பழம், அது இரும்பை உறிஞ்ச உதவும். மலச்சிக்கலுக்கு நார்ச்சத்தும் தண்ணீரும் கொஞ்சம் கைகொடுக்கும், ஆனால் ஈயம் இறங்காமல் அந்த வலி முழுசாகப் போகாது. இரும்பு மாத்திரையை மட்டும் பரிசோதனை செய்யாமல் போடாதீர்கள். எலும்புத் தூளில் செய்த கால்சியம் மாத்திரையும் வேண்டாம். அதில் ஈயமே இருந்த கதைகள் உண்டு!

அரிசியிலும் தண்ணீரிலும் இருக்கக்கூடிய ஆர்சனிக் என்ற நச்சுப்பொருளைப் பற்றிக் கவலை உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: அரிசியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் ஆர்சனிக் அளவு கணிசமாகக் குறையும், சில பி வைட்டமின்களும் சேர்ந்து போகும். ஆனால் வேகவைக்கும் தண்ணீரிலேயே ஆர்சனிக் இருந்தால் பயனில்லை. கொதிக்கவைத்தால் உலோகம் போய்விடும் என்பதும் தப்பு. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

பட்டறைக்குள் சாப்பிடாதீர்கள், பீடி பிடிக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கையையும் முகத்தையும் கழுவாமல் டிபன் பாக்ஸைத் தொடாதீர்கள். தூசி குறையாதவரை நான் எழுதிக் கொடுக்கும் எந்த உணவுப் பட்டியலும் அரைகுறை வைத்தியம்தான், இதை முதலாளிகளும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை நான்கு வயது மகளையும் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். விழுங்கிய ஈயத்தைக் குழந்தைகள் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சுவார்கள். "அவ எதுக்கு மேடம், அவ பட்டறைப் பக்கமே வந்ததில்லையே" என்றார். வேலைச் சட்டையை எங்கே துவைக்கிறீர்கள் என்று கேட்டேன். வீட்டில்தானாம், அவள் துணிகளோடு சேர்த்து.